செவலை குட்டி ஈனும்வரை: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளிக் கொட்டிலில் இருக்கும் குட்டை இனக் குதிரை செவலை நிறைசினையாக இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். "எப்போது குட்டி போடும்?" என்ற கேள்வி காலையும் மாலையும் பள்ளி வாசலில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஏன் முடியாது, அதுவரை என்ன செய்கிறோம், பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதற்கு அனுமதி இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320 நாளில் ஈன்றாலும் 360 நாளில் ஈன்றாலும் அது இயல்புதான். குட்டை இனங்கள் சற்று முந்தியே ஈனுவதும் உண்டு. கடைசியாக இணை சேர்த்த நாளிலிருந்து செவலைக்கு இன்று 322ஆவது நாள். ஆகவே இன்றிரவும் ஆகலாம், இன்னும் ஐந்து வாரமும் போகலாம். மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். குதிரைக்கு அது ஆபத்தான வழி. வெளியுலகில் மூச்சுவிட்டுப் பிழைப்பதற்கான கடைசிக்கட்ட முதிர்ச்சி, பிறப்புக்கு முந்தைய சில நாட்களில்தான் குட்டிக்கு வருகிறது. அந்த நாட்களை நாம் பறித்துவிட்டால் பிறகு எந்த மருத்துவத்தாலும் எளிதில் ஈடுகட்ட முடியாது.

அதனால் தேதியை விட்டுவிட்டு அதன் உடம்பைப் பார்க்கிறோம். ஈனுவதற்கு இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு முன் மடி இறங்கத் தொடங்கும். ராத்திரி புடைத்து, பகலில் நடமாடியதும் வற்றும். பிறகு வற்றாமலே நிற்கும். பக்கவாட்டில் பரந்திருந்த வயிறு கீழே சரியும். வாலடியில் இருபுறமும் தசை இளகி, தொட்டால் குழகுழவென்று இருக்கும். பின்புறத் திறப்பு நீண்டு தளரும். கடைசி ஓரிரு நாளில் காம்பு நுனியில் தேன்மெழுகு நிறத்தில், அரிசி அளவுக்கு ஒரு சொட்டு உறைந்து நிற்கும். கொட்டிலைக் கவனிப்பவர்கள் தினமும் மாலையில் கைவிளக்கோடு குனிந்து பார்ப்பது இந்தச் சொட்டைத்தான். பால் தெளிந்த நீர்போல இருந்து, மஞ்சளாகி, விரலில் ஒட்டும் பிசுபிசுப்போடு வெளுக்கும். அப்போது அதன் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் 7க்கு மேலிருந்து இறங்கும். 6.4க்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும். சோதனைத் தாளுக்கு இரண்டு மூன்று துளி போதும். அதற்கு மேல் கறந்தால் குட்டிக்குரிய சீம்பாலை நாமே வீணாக்குகிறோம்.

ஆனால் செவலைக்கு இது தலையீற்று. முதல்முறை ஈனும் குதிரை இந்த அடையாளங்களையெல்லாம் ஒழுங்காகக் காட்டும் என்று சொல்ல முடியாது. மடியே வைக்காமல், குட்டி பிறந்த பிறகு பால் இறங்கும் குதிரைகள் உண்டு. ஆகவே அடையாளம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் 300ஆவது நாளிலிருந்தே இரவுக் காவல் போட்டிருக்கிறோம். குதிரைகள் பெரும்பாலும் நடுராத்திரியை ஒட்டித்தான் ஈனும். இருட்டும் அமைதியும் வேண்டி, வலியின் முதல் கட்டத்தைச் சிறிது நேரம் தள்ளிப்போடவும் அவற்றால் முடியும். வாசலில் பத்துப் பேர் நின்று எட்டிப் பார்த்தால் அது காத்திருக்கும். நாம் களைத்துத் தூங்கப் போன பிறகு தனியாக ஈனும். இந்த ஒரு காரணத்துக்காகவே கொட்டில் பக்கம் கூட்டம் வேண்டாம் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம். இரவில் மங்கலான ஒரு விளக்கும் ஒரு கேமராவும் மட்டும் இருக்கும். காவலர் அடுத்த அறையில் விழித்திருப்பார். கேமராக் காட்சியை வீடுகளுக்கு அனுப்பச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டோம். பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பார்கள் என்பது ஒன்று. ஏதாவது தவறினால், பக்கத்தில் விளக்கிச் சொல்ல யாருமில்லாமல் அதைப் பார்க்க நேரும் என்பது அதைவிட முக்கியமானது.

தீனி விஷயத்தில் உங்கள் உதவி உடனே தேவை. தயவுசெய்து பிள்ளைகளிடம் கேரட், ஆப்பிள், ரொட்டி எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். செவலையின் எடை சுமார் 90 கிலோ. அதற்கு ஒரு நாளைக்கு 1.8 கிலோ நல்ல உலர்புல்லும் அளந்து போடும் கொஞ்சம் சத்துத் தீவனமும் போதும். இருபது பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் அதன் வயிறு தாங்காது. இதற்கு நேர் எதிரான பேச்சும் காதில் விழுகிறது. "ரொம்பக் குண்டாக இருக்கிறதே, தீனியைக் குறைக்கக் கூடாதா?" என்கிறார்கள். இப்போது குறைக்கவே கூடாது. குட்டை இனக் குதிரை சினையின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்தாலோ, மிரண்டு தீனியை விட்டாலோ, உடம்பிலுள்ள கொழுப்பு கட்டுக்கடங்காமல் இரத்தத்தில் இறங்கும். எடுத்த இரத்தத்தைக் குழாயில் தெளிய வைத்தால் மேலே நிற்கும் நீர் பால்போலக் கலங்கியிருக்கும். கொழுப்பு கல்லீரலை அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாக முடிந்துவிடும். பெரிய குதிரை ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். இந்தச் சின்ன உடம்பு இரண்டு வேளை புல்லைத் தொடாவிட்டால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கொட்டிலருகே பந்து விளையாட்டையும் ஒலிபெருக்கியையும் நிறுத்தியிருப்பதும் இதற்காகத்தான்.

ஈனும் அறை தயாராக இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், தரையில் கணுக்கால் மூடும் அளவுக்குச் சுத்தமான வைக்கோல். மரத்தூள் போடவில்லை. ஈரக் குட்டியின் மூக்கில் அது அப்பிக்கொள்ளும். தடுப்புப் பலகைகளுக்குக் கீழே இருந்த இடைவெளியை அடைத்துவிட்டோம். பிறக்கப் போகும் குட்டியின் எடை 7 முதல் 10 கிலோ, அரை மீட்டர் உயரம்கூட இருக்காது. ஒரு சின்ன சந்து போதும், மறுபக்கம் நழுவிவிடும். அதே காரணத்தால் தண்ணீர் வாளியையும் குட்டிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். ஒரு மாதத்துக்கு முன்பே செவலைக்கு டெட்டனஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள் போட்டாயிற்று. தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பையிலேயே குட்டிக்குப் போய்விடாது, சீம்பால் வழியாகத்தான் போகும். ஆகவே ஊசி போட்ட காலம் முக்கியம்.

இனி அந்த நேரம். முதலில் தாய் நிலைகொள்ளாமல் சுற்றும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், வேர்க்கும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி லத்தி போடும். இது சில மணி நேரம் நீடிக்கலாம், நின்றும் போகலாம். பனிக்குடம் உடைந்த பிறகு கதை வேறு. அந்த நொடியில் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடத்துக்குள் வெள்ளைச் சவ்வும் அதற்குள் ஒரு காலும் தெரிய வேண்டும். முன்னங்கால் இரண்டும், ஒன்று சற்று முன்னே ஒன்று சற்றுப் பின்னே, குளம்படி தரையைப் பார்த்தபடி, முழங்கால்கள்மேல் மூக்கு வைத்தபடி வருவதே சரியான வரத்து. கால்கள் முன்பின்னாக வந்தால்தான் தோள்கள் சாய்ந்து இடுக்கில் நுழையும். அரைமணிக்குள் குட்டி முழுதாக வெளியே வந்துவிட வேண்டும்.

குட்டை இனங்களில் ஈற்றுச் சிக்கல் மற்றக் குதிரைகளைவிட அதிகம். குட்டியின் நெற்றி புடைத்துத் தலை பெரிதாக இருக்கும், தாயின் இடுப்பெலும்பு வழி குறுகல். கழுத்து திரும்பியிருந்தாலோ ஒரு கால் மடங்கியிருந்தாலோ உள்ளே கைவிட்டுச் சரிசெய்ய இடமே இருக்காது. குளம்படி வானத்தைப் பார்த்து வந்தாலும், மூக்கு வந்து கால் வராவிட்டாலும், பத்து நிமிடம் முக்கியும் எதுவும் நகராவிட்டாலும் இழுக்கக் கூடாது. மருத்துவர் வரும்வரை தாயை எழுப்பி நடக்கவிட்டால் முக்குவது குறையும், நிலைமையும் மோசமாகாமல் இருக்கும். இன்னொன்று இதைவிட அவசரமானது. வெள்ளைச் சவ்வுக்குப் பதில் வெல்வெட் போன்ற சிவப்புப் பை முதலில் தெரிந்தால், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்குப் பிராணவாயு போகவில்லை என்று பொருள். மருத்துவருக்குக் காத்திருக்க நேரமில்லை. அங்கேயே அதைக் கிழித்து, தாய் முக்கும்போது குட்டியைக் கீழ்நோக்கி, தாயின் பின்னங்கால் மூட்டுப் பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும். அதற்காக ஒரு நுனி மழுங்கிய கத்தரிக்கோல் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் அதைத் தொட வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லுங்கள். காவலே இல்லாத ஈற்றில் நல்ல குட்டிகளும் மூக்கை மூடிய சவ்வு கிழியாமல் மூச்சுத் திணறிப் போவதுண்டு. யாராவது ஒருவர் பக்கத்திலிருந்தால் இரண்டு விரலால் விலக்கிவிடக்கூடிய விஷயம் அது. ராத்திரிகளில் ஆள் விழித்திருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

குட்டி வந்த பிறகு தொப்புள்கொடியை வெட்டுவதில்லை. தாய் எழும்போதோ குட்டி உதைக்கும்போதோ தானே அறும். அறுந்த முனையை 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் முக்குவோம். முதல் இரண்டு மூன்று நாளும் இதைத் திரும்பச் செய்வோம். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு கணக்கு. ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சு விழ வேண்டும். நஞ்சைப் பிடித்து இழுப்பதில்லை. விழுந்ததும் தரையில் விரித்துப் பார்த்தால் ஒரு கால்சட்டைபோல இருக்கும். இரண்டு கால் நுனிகளும் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் கருப்பையில் சீழ்பிடித்து, அதனால் உண்டாகும் விஷம் தாயின் குளம்புவரை பாதிக்கும். சீம்பாலை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரத்தில் நன்றாக இருக்கும், ஒரு நாளில் நின்றுவிடும். எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு சேர்ந்ததா என்று மறுநாள் மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்ப்பார். முதல் கருமலம் வெளியேறியதா என்பதையும் நாங்கள் குறித்துவைப்போம்.

குட்டியைப் பார்க்கப் பிள்ளைகளை இரண்டாம் நாளுக்குப் பிறகு, எல்லாம் நலமென்று மருத்துவர் சொன்னால், நான்கு நான்கு பேராக அழைத்துப் போவோம். பத்து நிமிடம், தடுப்புக்கு வெளியே நின்று, பேசாமல். தொடுவது, முத்தம் கொடுப்பது கிடையாது. செவலை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இப்போது அது தாய். குறுக்கே வருபவரை உதைக்கவும் கடிக்கவும் அதற்கு உரிமை உண்டு. வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேறு குதிரைகளோடு பழகும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அன்று வேறு செருப்பும் துவைத்த உடையும் அணிந்து வரட்டும். கருவுற்றிருக்கும் தாய்மார்கள் ஈற்று அறைப் பக்கம் வர வேண்டாம்.

பிறந்த சிறிது நேரத்துக்கே தெரியும் ஒரு காட்சியைப் படமெடுத்து வகுப்பில் காட்டுவோம். குட்டியின் குளம்படியில் மஞ்சள் கலந்த வெள்ளையில் ரப்பர்போல மெத்தென்ற இழைகள், விரல் விரலாகத் தொங்கும். உள்ளே இருக்கும்போது கூர்மையான குளம்பு தாயின் கருப்பையைக் கிழிக்காமல் காப்பது அதுதான். குட்டி எழுந்து நாலு அடி வைத்ததுமே தேய்ந்து உதிரத் தொடங்கிவிடும். சில பிள்ளைகள் குளம்பில் புண் என்று பயப்படலாம். இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குட்டி பிழைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. அப்படி நடந்தால் மறைக்க மாட்டோம். "தூங்குகிறது", "வேறு ஊருக்குப் போய்விட்டது" என்று சொல்ல மாட்டோம். காலையில் வகுப்பாசிரியர் நேராகச் சொல்வார், பிள்ளைகள் அழுதால் அழவிடுவார், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வார். நீங்களும் வீட்டில் அதே சொற்களில் சொல்லும்படி, முதல் மணி அடிப்பதற்கு முன்பே உங்கள் எல்லோருக்கும் செய்தி வரும். நல்ல செய்தியும் அதே நேரத்தில்தான் வரும். இரவில் யாரையும் எழுப்ப மாட்டோம், நீங்களும் காவலரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அவருடைய கை ஓய்வாக இருக்க வேண்டும்.

உதவ விரும்புகிறவர்கள் பழைய பருத்தித் துண்டுகளை வாசனைத் திரவம் சேர்க்காமல் துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்தனுப்புங்கள். பிறந்த குட்டியைத் துவட்டுவதற்கு. அந்நிய வாசனை ஒட்டினால் தாய் குட்டியை முகர்ந்து அறிவதில் குழப்பம் வரும். பன்னிரண்டு துண்டு வேண்டும். நான்கு வந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்