பாப்பாவுக்கு, பிரஷர் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

"பிரஷர் பிரசவத்தோட வந்தது, பிரசவத்தோட போயிடுச்சும்மா" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போனில் பேசினால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னைச் சுமந்தபோது எனக்கும் எட்டாம் மாதத்தில் முகம் வீங்கி, பிரஷர் 160க்குப் போனது. நீ பிறந்து ஆறு வாரத்தில் இறங்கிவிட்டது. அதோடு மறந்துபோனேன், அதுவும் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே! கர்ப்பத்தில் அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதவிலக்கு இருக்கும்வரை நம் ரத்தக்குழாய்க்கு ஒரு காவல் உண்டு. குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு அடுக்கு செல்கள் இருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன (இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1998ல் நோபல் கொடுத்தார்கள்). அந்தச் சுரப்புக்குக் கைகொடுப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். ஐம்பதை ஒட்டி அது வற்றியதும், வெயிலில் கிடந்த ஹோஸ் பைப் மாதிரி குழாய் விறைக்க ஆரம்பிக்கிறது.

எனக்கு 52ல் மூன்று மாத்திரை போட்டும் 160/100. ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போட்டதில் கணுக்கால் வீங்கி, கொலுசு பதிந்த தடம் மறையவே மறையாது. அந்த வீக்கமும் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். காட்டிய இடத்தில், "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான்" என்றார்கள். இரண்டு வருடம் அந்த ஒரே பதில். கடைசியில் புதிதாக வந்த சின்ன டாக்டரம்மா ஒருத்திதான் என் ரத்தத்தில் பொட்டாசியம் 2.9 என்று குறைந்திருப்பதைப் பார்த்து, பிரஷரோடு சம்பந்தப்பட்ட ஆல்டோஸ்டிரோன், ரெனின் என்ற இரண்டு சுரப்புகளுக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னாள். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனை அளவில்லாமல் கொட்டியிருக்கிறது. அது உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். 1954ல் மிச்சிகனில் ஜெரோம் கான் என்ற டாக்டர் இந்த நோயை முதன்முதலில் இனம் கண்டது ஒரு பெண்ணிடம்தான். அவளுக்கும் தசை இழுப்பு, தளர்ச்சி. வயது 34. உன் வயதுதான், பாப்பா.

எனக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தார்கள். ஆல்டோஸ்டிரோன் வந்து உட்காரும் சீட்டில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாத்திரை அது. நம் உடம்பில் ஊறும் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனும் கொஞ்சம் அந்த வேலையைச் செய்யும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மாதவிலக்கு நின்றால் அந்தத் துண்டும் போய்விடுகிறது. உன் சித்தப்பாவுக்கும் இதே மாத்திரைதான் எழுதினார்கள். மூன்றாவது மாதம் மார்பு வீங்கி வலிக்க, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் லூசான சட்டையில் திரிந்தார். பிறகு அதே வேலையைச் செய்யும் எப்ளரெனோன் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். நீ இன்னொரு குழந்தை யோசிப்பதால் சொல்கிறேன், கர்ப்பத்தில் இதெல்லாம் ஆகாது. என் மாத்திரையை எக்காரணம் கொண்டும் எடுத்துப் போடாதே.

"அப்போ ஈஸ்ட்ரோஜனையே மாத்திரையா போட்டுக்கலாமே" என்று கேட்டாய். அது அவ்வளவு சுலபமில்லை. மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் (செயற்கை புரோஜெஸ்டிரோன்) சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வை 2002ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. நீ போடுகிற கருத்தடை மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. வாய்வழியாகப் போய்க் கல்லீரலைத் தூண்டி, சிலருக்கு அதுவே பிரஷரை ஏற்றும். உனக்குக் கர்ப்பத்தில் பிரஷர் வந்ததை அந்த டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

பிரஷர் மெஷின் ஒன்று கொரியரில் போட்டிருக்கிறேன், பேட்டரி உள்ளேயே இருக்கிறது. காலையில் காபிக்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு இரண்டு தடவை பார். மாப்பிள்ளைக்கும் பார். போட்டோ எடுத்து அனுப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டிருந்தாய், பார்சலில் இல்லை. தேடாதே.

அம்மா