ராணுவ நிலத்தில் தப்பிய ஈமமேடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளி பற்றிய தங்கள் கட்டுரையில், ராணுவப் பயிற்சிக் களம் தொல்லிடங்களைப் பாழாக்கிவிட்டது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. குண்டுகளும் டாங்கிகளும் அங்கே சேதம் விளைவித்தது மெய்தான். ஏர் விளைவித்த சேதம் அதைவிடப் பெரிது. 1897 முதல் ராணுவம் வாங்கிய அந்த நிலத்தின் பெரும்பகுதி தீவிர உழவுக்கு உட்படவில்லை. அதனாலேயே வெண்கலக் கால ஈமமேடுகள் (இறந்தோரைப் புதைத்து எழுப்பிய மண்மேடுகள்) பல இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன.

அங்குள்ள பேரோ கிளம்ப் என்ற ஈமமேட்டைப் பற்றித் தாங்கள் எழுதியிருக்க வேண்டும். ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமை கொண்டது. அக்கம்பக்கத்து மேடுகளெல்லாம் உழவில் கரைந்துபோக, மரக்கூட்டத்தின் அடியில் இது மட்டும் பிழைத்தது. பிழைத்த மேட்டுக்குள் பேட்ஜர்கள் என்னும், மண்ணைத் தோண்டி வாழும் காட்டு விலங்குகள் வளை தோண்டின. வளைவாயில் குவிந்த மண்ணோடு மனித எலும்புகளும் வெளியே வந்தன. பேட்ஜரைத் துன்புறுத்துவது அங்கே குற்றம் என்பதால் எளிதில் விரட்டிவிடவும் வழியில்லை. ஆகவே, அழிவதற்குள் அகழ்ந்து பதிவுசெய்ய முடிவெடுத்தார்கள்.

2012-இல் அந்த வேலையில் இறங்கியவர்களில் ஆப்கானிஸ்தான் போரில் காயமுற்ற வீரர்களும் இருந்தார்கள். உடலும் மனமும் தேறுவதற்காக அவர்களை அகழாய்வில் ஈடுபடுத்தும் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' திட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. வெண்கலக் கால மேட்டையே பிற்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலோ சாக்சன் மக்கள் கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் தங்கள் இடுகாடாக்கிக்கொண்டது அகழாய்வில் தெளிவாகத் தெரியவந்தது. சுண்ணப்பாறையில் வெட்டிய குழிகளில் ஈட்டி முனைகளும், கேடயத்தின் நடுவே பதிக்கும் இரும்புக் குமிழ்களும் எலும்புகளோடு கிடந்தன. போர்முனையிலிருந்து திரும்பிய ஒருவர், ஆயுதத்தோடு புதைக்கப்பட்டவரின் எலும்பைத் தூரிகையால் துடைத்தெடுக்கும்போது எத்தனை கவனமாகத் துடைத்திருப்பார்! இதைப் பழைய பொருள் தேடும் வேலை என்று மட்டும் சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை.

பல்லாவரத்துக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இங்கிருந்த ராணுவ அணிவகுப்புத் திடலில்தான். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே ராணுவ நிலத்தில் பிறந்தது எனலாம். இன்று நம் பாதுகாப்புத் துறையிடம் ஏறக்குறைய 18 லட்சம் ஏக்கர் இருக்கிறது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தன் நிலங்களைக் கவனிக்கத் தொல்லியலாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. நம் அமைச்சகமும் அப்படி நியமிக்க வேண்டும். கன்டோன்மென்ட்டில் கட்டடத்துக்கோ பதுங்குகுழிக்கோ மண்வெட்டி விழும் முன் அவர்கள் பார்வையிட்டுக் கையெழுத்திடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். தங்கள் இதழ் இதைத் தலையங்கமாக எழுதினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
பல்லாவரம் வாசகர்