கிளினிக் கொப்பி

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. அம்மாவின் சீனி வருத்தத்தையும் (நீரிழிவு) இன்சுலின் ஊசியையும் பற்றி நீ எழுதியதற்குத்தான் இந்தப் பதில்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஹீற்றர் ஓடுகிற வீட்டுக்குள் தோல் காய்ந்து குதிக்கால் வெடிக்கும். சீனி வருத்தக்காரருக்கு அந்த வெடிப்பிலேதான் புண் தொடங்கும். இரவில் காருக்குள் விட்ட இன்சுலின் உறைந்துபோகும். இளகினாலும் அதை நம்பக்கூடாது, எறிய வேண்டியதுதான். அதனால் வெளியே போகிறவர்கள் கோட்டின் உட்பையில் வைத்துக்கொள்வார்கள்.

உனக்கு அங்கே யாழ்ப்பாணத்தில் வில்லங்கம் வெயில். திறக்காத குப்பியை பிறிட்ஜின் நடுத்தட்டில் வை, ஐஸ் பெட்டிக்குக் கிட்ட வேண்டாம். திறந்தது பொதுவாக நாலு கிழமைக்குத்தான். பெட்டிக்குள் இருக்கும் துண்டில் சரியான கணக்கு இருக்கும். திறந்த திகதியைக் குப்பியிலேயே எழுதி ஒட்டு. கரண்ட் நின்றால் பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் மணல் நிரப்பித் தண்ணீர் ஊற்று. குப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சின்னச் சட்டிக்குள் வைத்து ஈரத்துணியால் மூடு. காற்றுப்படும் நிழலில் தண்ணீர் ஆவியாக ஆவியாகச் சட்டி குளிரும். மாரியில் காற்றே ஈரம் என்பதால் அவ்வளவு குளிராது.

அம்மாவுடையது பால்போன்ற கலவை இன்சுலின் என்று எழுதியிருந்தாய். குலுக்காதே, உள்ளங்கைகளுக்கிடையில் பத்துத்தரம் உருட்டு. கட்டி மிதந்தாலோ கண்ணாடியில் வெள்ளையாய் ஒட்டியிருந்தாலோ வேண்டாம். குப்பியில் 100 (ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு) என்றிருந்தால் ஊசியிலும் 100 என்றிருக்க வேண்டும். அதே மருந்தை 40 என்ற ஊசியில் 20 என்ற கோடுவரை எடுத்தால் உடம்புக்குள் போவது 50 அலகு.

தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, நேற்றுக் குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளிக் குத்து. ஒரே இடத்தில் குத்தக் குத்த அங்கே கொழுப்புத் தடித்துவிடும், நோவும் குறையும். நோகாதபடியால் அம்மா அந்த இடத்தையே காட்டுவா. தடிப்புக்குள் போன மருந்து ஒருநாள் ஊறும், ஒருநாள் ஊறாது; சீனி ஏறி இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். கையால் தடவிப் பார். ஆனால் நல்ல இடத்துக்கு மாற்றும்போது அதே அளவு மருந்தே கூடிப்போகலாம், டொக்டரிடம் சொல்லிவிட்டு மாற்று.

வியர்த்து, கை நடுங்கி, சீனி 70க்குக் கீழே போனால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார். பனங்கட்டி கடித்துக் கரைய நேரம் எடுக்கும். மற்ற நாட்களில் பனங்கட்டி சீனி ஏற்றாது என்று அயலில் சொல்வதை நம்பாதே, அதிலும் பெரும்பங்கு அதே சீனிதான். நினைவு தவறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. கந்தசஷ்டிக்கு அம்மா விரதம் பிடிப்பாவென்றால், ஊசியையும் குளிசையையும் எப்படிக் குறைப்பது என்று முதலே கேட்டுவை. சாப்பாடு இல்லாமல் அதே அளவு போனால் சீனி விழுந்துவிடும்.

இன்சுலினைக் கண்டுபிடித்தது இந்த ரொறன்ரோவில்தான், 1921இல். அடுத்த வருடம் ஜனவரி 11ஆம் திகதி பதினாலு வயதுப் பொடியன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே ஊரில் இன்று டொக்டரைப் பார்க்கக் காசில்லை, ஆனால் வேலையிடத்துக் காப்புறுதி இல்லாத பலர் மருந்தைத் தங்கள் காசில் வாங்குகிறார்கள். அங்கே அரசாங்கக் கிளினிக்கில் மருந்துக்குக் காசு கேட்பதில்லை. அந்தக் கிளினிக்கைக் கேள்வி கேட்டு முழுதாய்ப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இங்கே நோயாளி கேள்விகளை எழுதிக்கொண்டுதான் வருவார், யாரும் அதை மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. அங்கே போதனா வைத்தியசாலையில் விடியவே வரிசையில் நின்றாலும் டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். ஒரு கொப்பியில் திகதி, காலை வெறுவயிற்றுச் சீனி, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துச் சீனி, போட்ட அலகு என்று நாலு நிரல் போடு. மேலே மூன்று கேள்வி. முக்கியமானது முதலில், கடைசிக் கேள்விக்கு நேரம் கிடைக்காது. கண்மணியை விரித்துப் பார்க்கும் சோதனை, சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற சோதனை, கால் உணர்வுச் சோதனை மூன்றும் வருடத்துக்கு ஒருமுறை வேண்டும். கொப்பியில் இல்லையென்றால், "இந்த வருசம் கால் பாக்கேல்லை டொக்டர், எப்ப வரட்டும்?" என்று கேள். அம்மாவுக்காகக் கேட்கப் பழகியபின், தனியே போகிற அயல் ஆச்சிமாருக்கும் துணையாகப் போ. சனசமூக நிலையத்தில் மாதம் ஒருநாள் எல்லோரும் கொப்பியோடு கூடுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு முன் கட்டாயம் கூடுங்கள்: கால் விறைத்தவருக்கு மத்தியான மணலின் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். விடியற்காலைப் பூசைக்குப் போகச் சொல்.

பொதியில், கால் உணர்வு பார்க்கிற, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் நூல் இரண்டு வைக்கிறேன், ஒன்று நிலையத்துக்கு. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரல் நுனியிலும் விரல்களுக்குக் கீழுள்ள மேட்டிலும் நூல் வளையும்வரை ஒரு செக்கன் அழுத்து. காய்ப்பின்மேல் வேண்டாம். "இப்ப தெரியுதோ?" என்று கேட்காதே, கேட்டவுடன் ஓம் என்பா. "படுறபோது சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. சொல்லாமல் விட்ட இடத்தைக் கொப்பியில் கால் படம் கீறிப் புள்ளி வை, அடுத்த கிளினிக்கில் முதல் கேள்வி அதுதான்.

அன்புடன்,
அக்கா