பூட்டிய வீட்டில் நடப்பது கொள்ளை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

'பூட்டிய வீட்டில் 30 பவுன் கொள்ளை' என்று அடிக்கடி தலைப்புப் போடுகிறீர்கள். வீட்டில் ஆளே இல்லை, யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அதற்குப் பெயர் கன்னக்களவு. சுவரில் கன்னக்கோல் போட்ட காலத்துச் சொல் என்றாலும் போலீஸ் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. தலைப்பைப் பார்த்துப் பழகியவர் இங்கிலீஷில் புகார் எழுதும்போது 'ராபரி' (அடித்தோ மிரட்டியோ பறிப்பது) என்று போட்டுவிடுகிறார்.

களவு போன தொகைக்கும் ராபரிக்கும் சம்பந்தமில்லை. ஆளில்லாத வீட்டில் ஒரு கோடி போனாலும் தெஃப்ட், அதாவது திருட்டுதான். பேசின் பிரிட்ஜ் அருகே கத்தியைக் காட்டி ஆட்டோக்காரரிடம் 100 ரூபாய் பிடுங்கினால் ராபரி. கூட்டமான பஸ்ஸில் பர்ஸ் அடித்தவன், பிடிக்க வந்தவரைக் குத்திவிட்டுப் பர்ஸோடு ஓடினால் அதுவும் ராபரி. பர்ஸைப் போட்டுவிட்டு, தப்பிக்க மட்டும் குத்தினான் என்றால் திருட்டும் அடிதடியும் தனித்தனி. செயின் பறிப்புக்கு 2024 ஜூலை 1 முதல் 'ஸ்நாட்சிங்' என்று தனிப் பிரிவே உண்டு: பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவு. கழுத்தை அறுத்துக் காயப்படுத்திப் பறித்தால் அது 309, ராபரி.

நாலு பேர் சேர்ந்து செய்தால் ராபரி, ஐந்து பேர் என்றால் டக்காய்ட்டி, கூட்டுக்கொள்ளை. தெருமுனையில் நோட்டம் பார்த்து உதவியவனையும் சேர்த்துத்தான் இந்த ஐந்து. முயன்று தோற்றாலும் டக்காய்ட்டியே. ஆயுள் தண்டனை வரை போகும்.

கன்னக்களவுக்கு இங்கிலீஷில் உள்ள 'ஹவுஸ் பிரேக்கிங்' (வீடு உடைத்தல்) என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுவது. எதுவும் உடைய வேண்டியதில்லை. தாழிட்ட கதவைத் திறந்தாலும், ஓட்டை வழியே கம்பி விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாலும், தொலைந்துபோன உங்கள் சாவியாலேயே திறந்தாலும் சட்டப்படி அது ஹவுஸ் பிரேக்கிங். ஆனால் கடைக்காரர்கள் எடுக்கும் 'பர்க்ளரி' (களவு) இன்ஷூரன்ஸ் பாலிசியில் பொதுவாக, பலவந்தமாக நுழைந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பாலிசியில் உள்ள அர்த்தம்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் கள்ளச்சாவி போட்டு சரக்கை அள்ளினால் போலீஸ் வழக்கு நிற்கும், கிளெய்ம் நிற்காது.

ஆகவே புகாரில் குற்றத்துக்குப் பெயர் சூட்ட வேண்டாம். பிரிவு போடுவது ஸ்டேஷன் வேலை. கதவு சாத்தியிருந்ததா, பூட்டியிருந்ததா, ஷட்டர் நெம்பப்பட்டதா, எத்தனை பேர், கையில் என்ன இருந்தது, அடித்தது பொருளை எடுக்கும் முன்பா பின்பா என்பதை வரிசையாக எழுதினால் போதும். இங்கிலீஷில்தான் எழுதுவேன் என்பவர்களுக்கு ஒன்று: 'ஸ்டீல்' பொருளுக்கு, 'ராப்' ஆளுக்கு. 'மை ஃபோன் வாஸ் ராப்டு' என்றால் ஃபோனிடமிருந்து எதையோ பறித்துவிட்டார்கள் என்றாகும்.

எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் படித்துப் பாருங்கள். போலீஸ் வந்து பார்த்து, நெம்பிய தடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்த பிறகே ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை