தளத்தைப் பார்த்துவிட்டுச் சலங்கை கட்டு

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

உன்னிடம் ஆடக் கற்கும் பிள்ளைகளின் பரதநாட்டியக் கோடை நிகழ்ச்சிக்கு லண்டனில் ஒரு பூங்கா மேடை கிடைத்திருப்பதாகவும், பக்கத்துக் கூடாரத்தில் நடனப் பொருட்களைக் காட்சிக்கு வைக்க ஒரு மேசை தருவதாகவும் எழுதியிருந்தாய். நல்ல சந்தோசம். பாட்டு, உடை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாய். தளத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திறந்தவெளி மேடை என்றால் பெரும்பாலும் இரும்புச் சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகைகளை அடுக்கியிருப்பார்கள். முதல்நாளே போய் வெறுங்காலோடு ஒவ்வொரு பலகையிலும் தட்டடவை, காலைத் தட்டும் அந்த முதல் அடவை, மூன்று கால வேகத்திலும் அடித்துப் பார். ஒரு பலகை மட்டும் வேறு சத்தம் தந்தால் அதன் கீழே தாங்கல் சரியில்லை, புல்தரையில் ஒரு கால் இறங்கியிருக்கும். முட்டுக் கொடுக்கச் சொல். பலகைக்கும் பலகைக்கும் இடையில் நாணயம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நாட்டடவில் நீட்டும் காலின் சிறுவிரல் அதில் மாட்டும். துணி நாடா ஒட்டி மூடவேண்டும், வழுக்கும் பிளாஸ்ரிக் நாடா கூடாது.

சீமெந்துத் தரை என்றால் சம்மதிக்காதே. அதன் மேல் நேரே பலகை போட்டாலும் தரை சீமெந்துதான், அடி முழுவதும் முழங்காலுக்கும் கணைக்காலுக்கும் திரும்பி வரும். வேறு வழியே இல்லையென்றால் குதித்துமெட்டடவு வரும் கோர்வைகளை எடுத்துவிடு. கறுப்பு வைனில் பிளாஸ்ரிக் விரிப்புப் போட்டால் வேறு தொல்லை. வெயிலில் அது உள்ளங்காலைச் சுடும். வியர்த்த கால் அதில் ஒட்டிக்கொள்ளும், முழுதாகக் குந்தி முழுமண்டியில் சுழலும்போது பாதம் நின்றுவிடும், முழங்கால் திரும்பும். பிள்ளைகளின் முழங்கால் கெடுவது இப்படித்தான். மேடையோரம் ஈரத்துவாய் ஒன்றும் காய்ந்த துவாய் ஒன்றும் வை, ஒவ்வொரு ஆடல் உருப்படிக்கும் முன் காலைத் துடைக்கட்டும். பவுடர் போட விடாதே.

ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு 9 மணி தாண்டும். மாலை 6 மணிக்கு மேடை மேற்கைப் பார்த்திருந்தால் ஆடுகிறவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள், கண்ணால் காட்டும் பார்வை பேதம் ஒன்றும் தெரியாது. கிழக்கைப் பார்த்திருந்தால் சபைக்குக் கண் கூசும். வெயில் பக்கவாட்டில் விழும்படி கேள். பகல் வெளிச்சத்துக்கு அரங்க ஒப்பனையில் பாதி போதும்.

வர்ணம் என்ற நீண்ட உருப்படி வேண்டாம். அரைமணி நேரத்துக்கு மேல் போகும், நடமாடும் சனத்தின் நடுவில் ஒரு வரியை விரித்து அபிநயிக்கும் சஞ்சாரியை யாரும் தொடர மாட்டார்கள். புஷ்பாஞ்சலி, ஒரு கவுத்துவம், ஒரு கீர்த்தனம், தில்லானா. 25 நிமிடத்தில் முடி. வெளியில் சலங்கை ஒலி காற்றோடு போய்விடும். மேடையின் முன்விளிம்பில் இரண்டு மைக்கைத் தடித்த பஞ்சுத்துண்டின் மேல் வை. பலகையைத் தொட்டால் காலடி இடிபோல் கேட்கும், சலங்கை கேட்காது. நம் கோணமலைப் பதிகத்தைச் சம்பந்தர் கழலும் சிலம்பும் ஒலிப்பதிலிருந்துதான் தொடங்குகிறார். அந்த ஒலியை விட்டுக்கொடுக்கக் கூடாது. மிருதங்கத்தை வெயிலில் வைக்க விடாதே. இங்கே கச்சான் காற்று அடிக்கும்போது ஆகிறதுபோல் தோல் வறண்டு சுருதி ஏறும், மழை ஈரத்தில் இறங்கும்.

இனி மேசை. பழைய சலங்கையைப் புளி போட்டுத் தேய்க்காதே. மணிகள் தோல்வாரைத் தொடும் இடத்தில் பச்சையாக மெழுகுபோல் ஒன்று படிந்திருக்கும், பித்தளையில் உள்ள செம்பும் தோலிலுள்ள கொழுப்பும் சேர்ந்து வருவது அது. மூங்கில் குச்சியால் மெதுவாக எடு. புளித்தண்ணீர் நூலுக்குள் இறங்கினால் உள்ளேயே இருந்து அரிக்கும், ஒருநாள் மணி தெறித்துவிடும். வாரில் கறுத்திருக்கும் வியர்வைக் கறையை அப்படியே விடு, பார்க்க வருகிறவர்களுக்கு அதுவும் தெரியட்டும்.

பட்டு உடையைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிடாதே, சரிகையின் பாரத்தில் தோள் கிழியும். பஞ்சு வைத்த உருவத்துக்குப் போடு. அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை. கூடாரத்தில் அது முடியாது, ஆகவே நல்ல உடையை வைக்காதே, பாவித்துக் கழித்ததை வை. ஆட்டத்துக்குத் தட்டும் தட்டுக்கழி, தட்டுப்பலகை, நட்டுவாங்கக் கைத்தாளம் மூன்றையும் கையில் எடுக்க விடு. தாளத்தில் ஒன்று இரும்பு, ஒன்று வெண்கலம் என்பதைத் தட்டிப் பார்த்தால்தான் விளங்கும். குறிப்பு அட்டையில் ‘மிகப் பழமையானது’ என்று எழுதாமல் எத்தனை வரிசை, எத்தனை மணி, என்ன உலோகம் என்று எழுது.

பொருட்களை எப்படி வைப்பது என்று பார்க்க ஒருநாள் விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தின் புதிய களஞ்சியத்துக்குப் போ. 2025 மே மாதம் கிழக்கு லண்டனில் திறந்தது, அனுமதி இலவசம். இரண்டு கிழமைக்கு முன் பதிந்தால் 5 பொருள்வரை எடுத்து வைத்துக் காட்டுவார்கள். நாடக, நடன உடைகளைக் கேள், உட்பக்கத் தையலைப் பார். பிக்காசோவின் ஓவியத்தைப் பெருப்பித்து 1924 பாலே ஒன்றுக்குத் தீட்டிய முன்திரையும் அவர்களிடம் இருக்கிறது, ஏறத்தாழ 10 மீற்றர் உயரம். பிரித்தானிய அருங்காட்சியகத்து நடராசரை, 1100 அளவில் வார்த்தது, பக்கத்திலிருந்து பார். ஊன்றிய காலின் முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது என்று உன் பிள்ளைகளுக்குக் காட்டு. முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி சரியாக இருக்காத பிள்ளைகளை முதலில் கூட்டிப் போ.

சட்லர்ஸ் வெல்ஸ் நடன அரங்கில் கோடை நிகழ்ச்சி பார்க்க ரிக்கற் எடுத்தால் முன்வரிசை வேண்டாம், மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும். மேல்தட்டின் முதல் வரிசை நல்லது.

ஒரு சோடி பழைய சலங்கையைப் பருத்தித் துணியில் சுற்றி அனுப்புகிறேன். வலது காலில் இரண்டு மணி குறைவு. வேறு மணி வாங்கித் தைத்துவிடாதே, அட்டையில் அதையும் எழுது.

அன்புடன்,
அம்மா