சூலாஜின் கறுப்பு துக்கத்தின் நிறமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் பியேர் சூலாஜைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவர் கறுப்பை மட்டுமே தீட்டியவர், ஆகவே துக்கத்தையும் வெறுமையையும் வரைந்தவர் என்ற முடிவுக்குப் பலரும் எளிதில் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு அவருடைய உழைப்பின் மையத்தையே தவறவிடுகிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1919இல் ரோதேஸ் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்த சூலாஜ், பாரிஸின் புகழ்பெற்ற நுண்கலைக் கல்லூரியில் 1938இல் இடம் கிடைத்தும் அங்கு நிலவிய பயிற்றுமுறை பிடிக்காமல் ஊர் திரும்பியவர். போருக்குப் பின், 1947 வாக்கில், அக்ரூட் காயின் மேல்தோலிலிருந்து எடுக்கும் பழுப்புச் சாயத்தையும் வீட்டுக்கு வெள்ளையடிப்போரின் அகன்ற தூரிகைகளையும் கொண்டு தாளில் தீட்டத் தொடங்கினார். 1979இல், திரை முழுவதும் கறுப்பு பரவிவிட்ட ஓர் ஓவியத்தோடு நெடுநேரம் போராடியபோதுதான், தாம் கையாள்வது கறுப்பை அன்று, கறுப்பின் மேற்பரப்பிலிருந்து திரும்பிவரும் ஒளியை என்று உணர்ந்தார். அதன்பின் தடித்த வண்ணப்பூச்சில் ஓரிடத்தை வழவழப்பாக்கி, அடுத்த இடத்தில் வரிவரியாகக் கீறினார். பார்ப்பவர் நான்கடி நகர்ந்தாலே கறுப்பு வெள்ளியாகவும் சாம்பலாகவும் மாறிவிடும்.

இதில் ஐயமுள்ளோர் கோங்க் ஊரின் புனித ஃபுவா தேவாலயத்தை எண்ணிப் பார்க்கலாம். பள்ளிப் பருவத்தில் தம்மைக் கலையின் பக்கம் திருப்பிய அதே ஆலயத்துக்கு, 1987 முதல் 1994 வரை, 104 சாளரங்களை அவர் உருவாக்கினார். அவற்றில் வண்ணக் கண்ணாடி ஒரு துண்டுகூட இல்லை. ஒளியை ஊடுருவவிட்டு வெளிக்காட்சியை மட்டும் மறைக்கும் கண்ணாடியைப் பல சோதனைகளுக்குப் பின் கண்டடைந்தார். பொழுது நகர நகர அதன் சாயல் தானே மாறுகிறது. கறுப்பையே துக்கமாகக் கொண்டாடிய ஒருவரால் இதைச் செய்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

2014இல் ரோதேஸில் தம் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோதும், பிற கலைஞர்களின் படைப்புகளுக்கு அங்கே இடம் ஒதுக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டது குறிப்பிடத்தக்கது. 2022 அக்டோபரில், 102ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இத்தகைய ஓவியரின் படைப்பை ஒரே நிழற்படத்தில் அச்சிட்டால் கறுப்புக் கட்டம் ஒன்றுதான் மிஞ்சும். எனவே தங்கள் கலைப்பக்கத்தில் அவரைப் பற்றிய கட்டுரை வெளிவருமானால், ஏல விலையோடு நின்றுவிடாமல், ஒரே ஓவியத்தை வெவ்வேறு கோணங்களில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆர்வலர் ஒருவர்