மத்தியானக் குளிசை

மச்சான்,

மாரிக்கு முதல் எழுதுகிறேன் என்றவன், முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்து ஓய்ந்த பிறகு எழுதுகிறேன். ஏச்சை நேரில் வந்து ஏசு. வயல் பாதி தப்பியது. அம்மாவுக்கு முழங்கால்தான் ஏலாது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

விஷயம் சின்னவள். பிறந்த இரண்டாம் கிழமை சத்தி எடுத்துச் சுருண்டவளை உன் மோட்டார் சைக்கிளில்தானே ஏற்றிப் போனோம். அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதியம் குறைவு. காய்ச்சல், நோயைத் தாங்க உடம்புக்கு வேண்டிய கோர்ட்டிசோல் சுரக்காது, உடம்பில் உப்பும் தங்காது, ஆண் ஓமோன் மட்டும் அளவு மிஞ்சும். இப்போது 7 வயது. கோர்ட்டிசோலுக்குப் பதிலாக ஐதரோகோட்டிசோன் மூன்று வேளை, உப்புக்கு வேறு குளிசை. 10 மில்லிகிராம் குளிசையை நாலாக உடைப்பது என் வேலை. பின்னம் வராதென்று பிரம்பெடுத்த மாஸ்டர் பார்க்க வேண்டும்!

மத்தியானக் குளிசைதான் சண்டை. பள்ளிக்கூடத்தில் மறக்கிறாள், சில நாள் வேண்டுமென்றே. அதே வகை மருந்தான பிரெட்னிசலோனுக்கு மாறினால் ஒன்று, இரண்டு வேளையோடு போகும் என்கிறாள் மனிசி. நானும் அதுதான் சரி என்றிருந்தேன். டொக்டர் விடவில்லை. அது வீரியமானது, உடம்பில் நெடுநேரம் நிற்பது, வளர்கிற பிள்ளையின் உயரத்தை அமுக்கும். வளர்ந்து முடியட்டும் என்றார். மருந்து குறைந்தாலும் வில்லங்கம், ஆண் ஓமோன் ஏறிவிடும். வகுப்பில் இவள்தான் உயரம் என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தேனே, அது நல்ல செய்தி இல்லையாம். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயதை முந்தி முற்றுகிறது. இப்படியே போனால் வளர்ச்சி முந்தியே நின்றுவிடும். அன்றிரவு நித்திரை இல்லை.

கனடா அண்ணா ஆண் ஓமோனைக் குறைக்கிற ஒரு புது மருந்து பற்றி அனுப்பினான்: கிரினெசர்ஃபொன்ட். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் 4 வயதிலிருந்து மேலே எல்லோருக்கும் அனுமதித்தார்கள். துள்ளிக் குதித்தேன். பிறகு வாசித்தால், ஐதரோகோட்டிசோனை விட முடியாது, அளவைத்தான் குறைக்கலாம். அதோடு அது இங்கே எங்கள் கைக்கு எட்டுகிற சாமானா?

ஆகவே மூன்று வேளைதான். வகுப்பு டீச்சர் இடைவேளையில் தானே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார், புண்ணியவதி.

எனக்குப் பயம் காய்ச்சல்தான். காய்ந்தால் இரண்டு, மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். சத்தி எடுத்துக் குளிசை தங்காவிட்டால் உடனே தொடையில் ஐதரோகோட்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நடுச்சாமத்தில் இந்த ரோட்டில் எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியும். பப்பாசிக்காயில் குத்திப் பழகுகிறேன், கை நடுங்குகிறது. மனிசி சிரிக்கிறாள், ஆனால் ஊசியைத் தொடமாட்டாள்.

நீ ஊசி போட்டே சம்பளம் எடுக்கிறவன். ஒரு ஞாயிறு வந்து இரண்டு பேருக்கும் காட்டித் தா. வவுனியாவில் குளிசை வெட்டுகிற பெட்டி கிடைத்தால் வாங்கி வா. என் பிளேட் துண்டுக்குத் துண்டு ஓரவஞ்சகம் செய்கிறது. மத்தியானச் சாப்பாடு இங்கேதான், குளத்து மீன்.